கைராசிக்கு ஓர் ஆள்

புளத்கொகுபிட்டிய கடைவீதியில் ஒரு டொக்டருக்குப் பட்டம் இருந்தால் மட்டும் போதாது, கைராசி இருக்க வேண்டும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடும். கைராசியை ஊர்தான் கொடுக்கும், அதையும் முதல் நோயாளியை வைத்துத்தான் கொடுக்கும். முதலில் தொட்ட ஆள் எழுந்து நடந்தால் அந்தக் கைக்கு ராசி உண்டு. அவர் படுத்துவிட்டாலோ, அப்புறம் அந்த டொக்டர் தங்கத்தில் ஊசி செய்து போட்டாலும் ஒரு காக்கைக் குஞ்சுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. தமிழர் இதைக் கைராசி என்பார்கள், சிங்களவர் அத்குணே என்பார்கள், முஸ்லிம்கள் இரண்டையும் சொல்லிவிட்டு எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று முடித்துவைப்பார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கடைவீதி இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி.

டொக்டர் கிருஷ்ணகுமாரிக்கு இது தெரியாததல்ல. மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, இந்தக் கடைவீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தே வளர்ந்தவள் அவள். அவள் டிஸ்பென்சரிக்கு எடுத்த வீட்டிலேயே முன்பு ஒரு டொக்டர் இருந்தார். முக்கால்வாசி போய்விட்டிருந்த ஒரு மனிதரை அவரிடம் முதல் நோயாளியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிச்சக் கால்வாசியும் மறுநாள் போய்விட்டது. டொக்டர் மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அவர் கொஞ்ச காலம் பத்திரிகை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். சுவரில் ஆணி மட்டும் மிச்சம். அந்த ஆணியிலேயே கிருஷ்ணகுமாரி தன் பலகையை மாட்டினாள். "ஆணி என்ன பாவம் செஞ்சது?" என்று கேட்டாள். அவள் சுபாவம் அப்படி.

அவள் வந்து சேர்ந்த வழியும் லேசானதல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. உயர்தர வகுப்புப் படிக்கத் தூரத்து விடுதிக்குப் போனாள். டொக்டரான பிறகு அரசாங்கம் காட்டிய ஊருக்கெல்லாம் போனாள். எங்கே போனாலும் ஒரே காட்சிதான்: வாசல் வரை வரிசை, ஒருவர் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் மருந்துத் துண்டு எழுதி நீட்ட வேண்டும். வயிற்றுவலி என்று ஒரு பெண் மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் வேறு வேறு டொக்டர் பார்த்தார்கள். புருஷன் குடித்துவிட்டு வயிற்றில் உதைக்கிறான் என்பதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. அதைக் கண்ட அன்றுதான் கிருஷ்ணகுமாரிக்குள் அந்தப் பிடிவாதம் விழுந்தது. ஒரு குடும்பத்தை வருஷக்கணக்காக ஒரே டொக்டர் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்த்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று இருக்கிற குடும்ப மருத்துவப் படிப்பையும் முடித்தாள். பிறகு ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். டிஸ்பென்சரி நிலைத்து நின்றால் அரசாங்க வேலையை விடலாம். நிற்காவிட்டால் மறுபடி அந்த வரிசை, அந்தத் துண்டு.

நிற்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவளுடைய அப்பா இருளப்பனுக்குத்தான் இருந்தது.

இருளப்பன் முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மனைவி போன பிறகும் லயத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று இளைய மகனோடு மேலேயே இருந்தார். ஆனால் டிஸ்பென்சரி என்றதும் தினமும் காலை பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார். சுண்ணாம்பு அடிப்பது, பெஞ்சுக்கு ஆசாரியைப் பிடிப்பது, கோயில் ஐயரிடம் நல்ல நேரம் கேட்டு அதைச் சிங்களவரின் நெக்கத்து நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது எல்லாம் அவர்தான். திறப்பு நாளன்று வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து, ஓடிக்கொலோன் வாசனை என்று வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க ரப்பர் மலையில் செருப்போடு ஏறி இறங்கிய மனுஷன்! மருந்து கொடுக்கிற கலைச்செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிப்போனாள்.

"என்னப்பா, மாப்பிள்ள மாதிரி வந்திருக்கீங்க?" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"டொக்டரோட அப்பன்னா சும்மாவா? நாலு பேரு பாப்பாங்கல்ல."

பால் பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள், பாற்சோறு சாப்பிட்டார்கள், கையைக் கழுவினார்கள், எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய் வரிசையாக உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். கடைவீதியில் காய்ச்சல்காரர், இருமல்காரர் இல்லாமல் இல்லை. முதல் ஆளாகப் போக மட்டும் ஒருவரும் தயாராக இல்லை. தோட்டத்து ஆட்கள் கண்ணிலேயே படவில்லை. அன்று நல்ல வெயில். வெயில் நாளில் ரப்பர் மரம் ஆளை விடாது, மழை பெய்தால்தான் பால் வெட்டுக்கு லீவு.

அப்போது வீதியைக் கடந்து ஹார்ட்வெயார்க் கடை லாபிர் வந்தார்.

லாபிரை அறியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. சீமெந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கைபேசியில் பேசியபடி நடப்பார். ஒரு பனடோல் மாத்திரைகூட விழுங்காதவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி முனகிக்கொண்டு படியேறினார். இருளப்பன் ஓடிவந்து முதலாம் நம்பர் துண்டை அவர் கையில் திணித்தார். தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

"செல்லுங்க லாபிர் நானா, என்ன செய்யுது?" என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி, அவர் பேசுகிற மாதிரியே.

"தல வலிக்கிது டொக்டர். ஏலாம ஈக்கிது."

"எந்தப் பக்கம்?"

லாபிர் இடப்பக்கத்தைத் தொட்டார். சற்று யோசித்துவிட்டு வலப்பக்கத்துக்கு மாற்றினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், லாபிரின் புளுகு அவள் கதவைச் சாத்துகிற வரைதான் தாங்கியது. அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்ததும் அவரே சிரித்துவிட்டார்.

"உங்கட அப்பாதான் செல்லித் தந்தாரு. ஊரிலேயே நோய் வருத்தமில்லாத ஆள் நான்தானாம். தலவலின்டு போய், சொகமாயிட்டின்டு சிரிச்சிக்கிட்டு வெளிய வரட்டாம். டொக்டருக்குக் கைராசி வந்திருமாம். நல்ல காரியம்தானே, அதான் ஓமின்டேன்."

கிருஷ்ணகுமாரிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்பாவை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டு பனடோலைக் கையில் கொடுத்துத் தோளில் தட்டி அனுப்பியிருந்தால் அன்றைக்கே கதை சுபம். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், எல்லாம் பேசி முடிந்த பிறகு, "வேற என்ன?" என்று ஒரு தடவை கேட்பாள். வரிசையில் நிற்கிறவர்களிடம் கேட்க முடியாமல் போன கேள்வி அது. அதற்காகத்தானே டிஸ்பென்சரியே திறந்தாள்.

"சரி நானா. வேற என்ன?"

"வேற ஒண்டுமில்ல." எழுந்தவர் தாடையைத் தடவினார். "கடவாப்பல்லுதான் ஒண்டு. அது உங்கட வேல இல்லயே, பல்லு டொக்டர்ட வேல. மூட்ட தூக்கினா வலிக்கும், எறக்கி வெச்சா போயிரும். இன்டைக்கு விடியச் சுபஹு தொழுகைல இருந்து போகவே இல்ல."

கிருஷ்ணகுமாரி அவர் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள். மூட்டையைத் தூக்கினால் வலித்து இறக்கினால் போகிற பல் உலகத்தில் கிடையாது. உள்ளங்கை குளிர்ந்து வியர்த்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே இருந்தும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. சட்டையைக் கழற்றச் சொல்லி, கலைச்செல்வியைக் கூப்பிட்டு, ஈசிஜி எடுத்தாள். காகிதம் வெளியே வர வர அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. மனுஷனுக்கு மாரடைப்பு. அந்த நிமிஷத்தில் நடந்துகொண்டிருந்தது.

கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்து, அம்புலன்ஸுக்குப் பேசிவிட்டு அவள் திரும்பினால், இருளப்பன் மருந்தறை வாசலில் வெளிறிப்போய் நின்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"குமாரி, பின்பக்கமா எறக்கிக் கொண்டு போயிருவோம்மா. கீழ த்ரீவீல் நிக்குது. ஒருத்தருக்கும் தெரியாது."

"பின்னாடி அத்தன படி இருக்குப்பா. அவரு இப்ப ஒரு படிகூட எறங்கக் கூடாது."

"முத ஆளும்மா. முன்வாசல்ல அம்புலன்ஸ் வந்து நின்னா ஒன் பேரு போயிரும்."

"பேரு போனா சம்பாதிச்சுக்கலாம். அவரு சம்சாரம் நூரியா அக்காவுக்குப் போன் பண்ணுங்க. பதறாம வரச் சொல்லுங்க."

இருளப்பன் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு போனை எடுத்தார்.

அம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு முன்வாசலுக்கே வந்தது. வந்த வேகத்துக்குத் தேத்தண்ணிக் கடை எழுந்து நின்றது. தன் காலால் வீதியைக் கடந்து போன லாபிரை அரை மணி நேரத்துக்குள் படுக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! மூக்கில் குழாய் வேறு. அவர் மனைவி நூரியா ஓடிவந்து ஏறினார். கதவைச் சாத்தினார்கள். ஒரு சிங்கள மனுஷர், "அனே அபொய்!" என்று தலையில் கை வைத்தார்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சாயந்தரம் கடைசி பஸ் புறப்படுவதற்குள் கதைக்குக் கை, கால், வால் எல்லாம் முளைத்துவிட்டது. தலைவலிக்குப் போனவனுக்கு நெஞ்சைப் பிடிக்க வைத்துவிட்டாள் என்றது ஒரு கூட்டம். அந்த வீட்டுக்கே தோஷம் என்றது இன்னொன்று. ஆணியை மாற்றியிருக்க வேண்டும் என்று சொன்னவரும் உண்டு. அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்தார் என்று மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அதையும் ஊர் தன் வசதிக்கே வளைத்துக்கொண்டது. "உயிர் இருக்காம். ஆனா நெஞ்சுக்குள்ள கம்பி வெச்சிட்டாங்களாம்" என்று பேசிக்கொண்டார்கள்.

கிருஷ்ணகுமாரிக்கு வலிக்காமல் இல்லை. காலையில் கதவைத் திறந்து, மேசையைத் துடைத்து, வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான வேலையா? வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பதும், அவள் நிமிர்ந்தால் வானத்தைப் பார்ப்பதும் அவளுக்கு ஆத்திரமூட்டியது. ஆனால் அந்த ஈசிஜியை நினைக்கிற போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும். ஆயிரம் தடவை மறுபடி நடந்தாலும் ஆயிரம் தடவையும் அதைத்தான் செய்வேன் என்று கலைச்செல்வியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, மருந்துப் போத்தல்களை மூன்றாவது தடவையாக அடுக்கினாள்.

இருளப்பன் மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அதே சப்பாத்து, அதே ஓடிக்கொலோன். கொடுக்க ஆளில்லாத நம்பர் துண்டுகளை வைத்துக்கொண்டு வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பார்.

"ஆளே இல்லையேப்பா, யாருக்கு இந்தச் சப்பாத்து? கழட்டிட்டுச் சும்மா இருங்களேன்."

"வருவாங்க" என்பார் அவர். காலை மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம் மழை பிடித்தது. சப்ரகமுவ மாகாணத்து மழைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? விடியும்போதே வானம் கிழிந்து கொட்டியது. மலையில் ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. பால் வெட்டுகிற சனம் எல்லாம் குடையும் பொலித்தீன் சாக்குமாகக் கடைவீதிக்கு இறங்கி, கடை வாசல்களில் ஒதுங்கி நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு த்ரீவீல் டிஸ்பென்சரிக்கு முன்னால் வந்து நின்றது. நூரியா குடையை விரித்தார். லாபிர் இறங்கினார்.

கொஞ்சம் மெலிந்திருந்தார். குரல் மட்டும் மெலியவில்லை. உள்ளே வந்து வெறும் பெஞ்சில் உட்கார்ந்து, வாசலில் ஒதுங்கி நின்றவர்களைப் பார்த்து ஆரம்பித்தார். பாதியைத் தமிழில் சொன்னார், மீதியைச் சிங்களத்தில் சொன்னார்.

"ஒங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? நான் இங்க வந்தது பொய் செல்ல. தலவலியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இருளப்பண்ணன் செல்லிக் கொடுத்து வந்தேன். அந்தப் பொய்யையும் கேட்டுட்டு, வேற என்னன்டு கேட்டா இந்தப் புள்ள. அங்க பெரிய டொக்டர் செல்றாரு, இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தா மய்யத்துதானாம். பொய்யோட வந்தவனையே இப்பிடிப் பாத்தாளின்டா, உண்மையான வருத்தத்தோட வந்தா எப்பிடிப் பாப்பா? யோசிங்களே!"

நூரியா கிருஷ்ணகுமாரியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் குடையை மடக்கினாள். இடுப்பில் இருமுகிற பிள்ளையோடு உள்ளே வந்து, "நம்பர் குடுங்க மாமா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர். பத்து மணிக்கெல்லாம் பெஞ்சில் இடமில்லை, சுவரோரமும் ஆள் நின்றது. கலைச்செல்வி மருந்து கட்டிக் கட்டி ஓய்ந்து போனாள். கிருஷ்ணகுமாரி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஒவ்வொருவரிடமும் "வேற என்ன?" என்று கேட்டாள். வேறு என்னென்னவோ வந்தன. அவளுக்கு அன்று பசியே தெரியவில்லை.

"அடுத்தது யாரு?" என்று அவள் கூப்பிட்டபோது கதவைத் திறந்துகொண்டு இருளப்பன் வந்தார். கையில் ஒரு நம்பர் துண்டு இருந்தது.

"என்னப்பா, துண்டு முடிஞ்சிருச்சா?"

"இல்ல. இது என்னோடது."

அவர் கதவைச் சாத்தினார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, இடது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். ஓடிக்கொலோன் வாசனைக்குக் கீழே இருந்த மற்ற வாசனை அறைக்குள் பரவியது. அவர் காலுறையை உருவுவதற்கு முன்பே கிருஷ்ணகுமாரிக்கு விளங்கிவிட்டது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், கறுத்த விளிம்போடு ஒரு புண்.

"மலையில ரப்பர் பால் ஏந்துற சிரட்ட ஒடஞ்சு கெடந்தத மிதிச்சிட்டேன். இங்க சுண்ணாம்பு அடிக்கிற நேரம். வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

"வலிக்காததுதான்பா வருத்தமே" என்றாள் அவள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாள். சீனி தாறுமாறாக ஏறியிருந்தது. தினமும் இந்தச் சப்பாத்தைக் கேலி செய்தாளே! ஊரார் முகத்தையெல்லாம் பார்க்க வந்தவள், அப்பாவின் காலைப் பார்க்கவில்லை. கண் நிறைந்து கால் மங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நான்தானே ஒனக்கு முத ஆளு. கால எடுக்கணும்னு ஆகிட்டா? பெத்த அப்பன் காலையே காப்பாத்த முடியாதவளுன்னு சொல்ல மாட்டாங்களா? டிஸ்பென்சரி நெலச்சு நின்ன பொறகு, தூரமா எங்கயாச்சும் போயிக் காட்டிக்கலாம்னு இருந்தேன்." இருளப்பன் மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு அந்த மனுசனுக்காக ஒன் பேரத் தூக்கிப் போட்டியே. அன்னையில இருந்தே கழட்டிக் காட்டணும்னு நெனக்கிறேன். வெறும் பெஞ்சப் பாத்துட்டு மனசு வரல."

கிருஷ்ணகுமாரி தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புண்ணைக் கழுவினாள், ஆழம் பார்த்தாள். எலும்பு தட்டவில்லை. புறங்காலில் விரல் வைத்தாள். நாடி நன்றாகத் துடித்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இன்னிக்கே ஆஸ்பத்திரியில தங்கி நிக்கணும்பா. அழுகினத வெட்டிச் சுத்தம் பண்ணணும். விரல் ஒண்ணு போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம். கால் நிக்கும். நான் சொல்றேன், நிக்கும்."

இருளப்பன் தலையாட்டினார். வெளியே பேச்சுச் சத்தமும் பிள்ளைகளின் இருமலும் கேட்டன. இத்தனை நாள் காத்திருந்த கூட்டம், கதவுக்கு அந்தப் பக்கம். அவள் தானாகவே பின்கதவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அங்க என்ன பார்வ?" என்றார் இருளப்பன். "பின்னாடி அத்தன படி இருக்குன்னு நீதானே சொன்ன. முன்வாசலால போறேன்."

வெள்ளைக் கட்டுப் போட்ட ஒரு காலும், சப்பாத்துப் போட்ட ஒரு காலுமாக, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கூட்டத்துக்கு நடுவே நடந்தார். பேச்சு அப்படியே நின்றது. டொக்டரின் அப்பாவே! லாபிர் எழுந்து மறுபக்கம் வந்து தோள் கொடுக்கப் பார்த்தார். நூரியா அவரை அதட்டி உட்கார வைத்துவிட்டுத் தானே ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால்ல புண்ணு. மறச்சு வெச்சிருந்தேன்" என்று இருளப்பன் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே போனார். "சீனி வருத்தமாம். வலிக்கவே இல்ல பாத்துக்க."

மேலே லயத்தில் இருந்த தம்பி ஆஸ்பத்திரிக்கே நேராக வருவதாகப் போனில் சொன்னான். த்ரீவீலில் நூரியா துணைக்கு ஏறினார். கிருஷ்ணகுமாரியும் ஏறப் போனாள். "நீ எங்க வர்ற? உள்ள ஆளு இருக்குல்ல, முடிச்சிட்டு வா" என்று இருளப்பன் கையை விடுவித்துக்கொண்டார். த்ரீவீல் மழைக்குள் திரும்பி மறைகிற வரை அவள் வாசலில் நின்றாள்.

கூட்டம் இந்நேரம் கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. சுவரோரம் நின்றவர்கள் நின்றபடி இருந்தார்கள், பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்த பால் வெட்டுகிற ஆட்கள் மட்டும் செருப்பைக் கழற்றி, காலை மடக்கி மடியில் வைத்து, உள்ளங்காலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.